பழைய கேட்டலினா 22-ஐ சொன்ன பேச்சு கேட்க வைப்பது: கம்பி, கயிறு, சுக்கான், பாய்

காற்று கொஞ்சம் கூடினால் போதும், படகு மூக்கைக் காற்றுக்குள் திருப்பிக்கொள்கிறது. சுக்கான் பிடியை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்தாலும் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகிறது, கூட வந்தவர்கள் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், கரைக்கு வந்தால் நமக்குத் தோள்பட்டை கழன்று விழுகிறது. பழைய சின்னப் பாய்மரப் படகு வாங்கிய முக்கால்வாசிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். உடனே என்ன செய்வோம்? படகுச் சாமான் கடைக்குப் போய்ப் பளபளவென்று நாலு கப்பியும் கலர் கயிறும் வாங்கி வந்து மாட்டுவோம். நானும் அதைத்தான் செய்தேன். படகு முன்னைவிட அழகாக அடம்பிடித்தது.

அதற்கப்புறம் பல வருடம் தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, எந்த வரிசையில் செய்திருந்தால் பணமும் நேரமும் மிச்சமாகியிருக்குமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1970களில் கட்டிய கேட்டலினா 22. அமெரிக்காவில் ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து 1969இல் வெளியான படகு, 15,000க்கும் மேல் கட்டி விற்றிருக்கிறார்கள், அதனால் பழசு சல்லிசாகக் கிடைக்கும், உதிரிபாகமும் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. நீளம் இருபத்தொன்றரை அடி. அடியில் மேலும் கீழும் மடங்குகிற வார்ப்பிரும்புக் கீல் (keel, படகு கவிழாமல் நிமிர்த்திப் பிடிக்கத் தண்ணீருக்கடியில் தொங்கும் கனமான பலகை), கிட்டத்தட்ட 250 கிலோ. நான் ஓட்டுவது சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில், பெர்க்கிலி பக்கம். அங்கே கோடைக்காலத்தில் காலையில் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும் தண்ணீர், மதியத்துக்கு மேல் கோல்டன் கேட் இடைவெளி வழியாக 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) காற்றைப் பிடித்து மூஞ்சியில் அடிக்கும். படகில் என்ன குறை இருந்தாலும் மூன்று மணிக்குள் தெரிந்துவிடும். உங்களுடையது வேறு படகாக இருந்தாலும், ஒற்றைப் பாய்மரம், ஒரு ஜோடி ஸ்பிரெடர் (பக்கக் கம்பியைப் பாய்மரத்திலிருந்து வெளியே தள்ளிப் பிடிக்கும் குச்சி) என்றால் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் ஃபோர்ஸ்டேயை முன்கம்பி என்றும், பேக்ஸ்டேயைப் பின்கம்பி என்றும், பக்கவாட்டு ஷ்ரவுடுகளைப் பக்கக் கம்பி என்றும் எழுதுகிறேன். பக்கக் கம்பியில் உச்சிவரை போவது மேல்கம்பி, ஸ்பிரெடர் அருகே முடிவது கீழ்க்கம்பி. கடையில் கேட்கும்போது ஆங்கிலப் பெயரையே சொல்லுங்கள். படகின் முன்தலைக்கு நம் கடற்கரையில் அணியம் என்று அருமையான ஒரு சொல் இருக்கிறது. பாயின் கீழ்மூலையை இழுக்கும் ஷீட் கயிறு நம் கடலோடிகளுக்குத் தாமான். இந்த இரண்டையும் விட எனக்கு மனசில்லை.

எதையும் வாங்காமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்

10 முதல் 12 நாட் காற்று இருக்கும் நாளாகப் பார்த்து, மெயின் பாயும் (பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பாய்) சின்ன ஜிப்பும் (முன்கம்பியில் ஏறும் முன்பாய்) ஏற்றி, காற்று வரும் திசைக்கு எவ்வளவு நெருக்கமாக ஓடுமோ அவ்வளவு நெருக்கமாக ஓட்டுங்கள். கையில் ஒரு நோட்டு. நான்கு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். சுக்கான் பிடி நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது? படகு எத்தனை பாகை சாய்கிறது? காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி, அதாவது காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பி, எவ்வளவு தொங்குகிறது? பாயின் வயிறு எந்த இடத்தில் இருக்கிறது?

சுக்கான் 3 முதல் 5 பாகை வரை விலகி நின்று, லேசாகக் கையை இழுத்தால் அது நல்லது, குறையே இல்லை. கையை விட்டால் படகு தானாகக் காற்றுக்குள் திரும்பி நின்றுகொள்ளும், நாம் தண்ணீரில் விழுந்தால் நம்மை விட்டுவிட்டு ஓடாது. 10 பாகைக்கு மேல் போனால்தான் பிரச்சினை. அப்போது சுக்கான் திருப்பும் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீரில் பிரேக் போடும் வேலையைச் செய்கிறது.

இந்த இழுப்புக்குக் காரணம் எளிமையானதுதான். பாய்களில் காற்று தள்ளும் மொத்த விசையும் ஒரு புள்ளியில் குவிவதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு அடியில் கீலும் உடலும் பக்கவாட்டில் எதிர்த்து நிற்பதும் ஒரு புள்ளியில். மேல்புள்ளி கீழ்ப்புள்ளிக்கு ரொம்பப் பின்னால் போய்விட்டால் பின்பக்கம் தள்ளப்பட்டு அணியம் காற்றுப் பக்கம் திரும்பும். படகு சாயும்போது இன்னொன்றும் சேர்கிறது. பாய் படகுக்கு வெளியே ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு இழுக்கிறது, படகு சுற்றாமல் என்ன செய்யும்? துடுப்பை ஒரு பக்கம் மட்டும் போட்ட மாதிரிதான்.

ஆக, சுக்கான் கனக்கிறது என்றால் பாய்மரம் பின்னால் சாய்ந்திருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம், பாய் தொய்ந்திருக்கலாம், சுக்கான் பலகை நேராக இறங்காமல் இருக்கலாம், அல்லது நாம்தான் தேவைக்கு மேல் பாய் ஏற்றியிருக்கலாம். ஐந்தில் எது என்று தெரியாமல் பணத்தை இறைத்துப் பயனில்லை.

கம்பியைச் சோதிப்பது

ஆனாலும் முதல் வேலை கம்பிதான். ஓட்டம் சரியாவதற்காகச் சொல்லவில்லை. கம்பி அறுந்தால் பாய்மரம் தலையில் விழும், அதனால் சொல்கிறேன்.

பாய்மரத்தை இறக்கி இரண்டு மர ஸ்டூல்களின் மேல் படுக்க வையுங்கள். ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து ஒவ்வொரு கம்பியையும் மேலிருந்து கீழ்வரை உருவிக்கொண்டே வாருங்கள். வெறுங்கையால் வேண்டவே வேண்டாம், அறுந்த இழை தூண்டில் முள் மாதிரி சதையைப் பிய்த்துவிடும். என் படகில் வலதுபக்க மேல்கம்பியில், கீழ்முனைக் குழாய்க்கு அரை விரற்கடை மேலே, பேப்பர் லேசாக மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் துணுக்கு அங்கேயே நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 19 இழையில் ஒன்று அறுந்து, முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றித் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. அந்தக் கம்பியை நம்பி முந்தின வாரம்தான் 18 நாட் காற்றில் குடும்பத்தோடு போய் வந்திருந்தேன்.

கீழ்முனையில்தான் முதலில் போகும். கம்பியை அழுத்திப் பொருத்தியிருக்கும் அந்தக் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் வழிந்து இறங்கித் தேங்குகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதே மேல்பரப்பில் ஆக்சிஜன் பட்டு உருவாகும் மெல்லிய படலத்தால்தான். காற்றோட்டமில்லாத இடுக்கில் அந்தப் படலம் அழிந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். அதனால் குழாயின் நீளவாக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, குழாய் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறதா, வாய்ப்பக்கம் துருக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் கம்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒன்று போய்விட்டால் மற்றவையும் அதே வயசுதானே, முழு செட்டையும் மாற்றுங்கள். குறை எதுவும் தெரியாவிட்டாலும் உப்புத் தண்ணீரில் கிடக்கும் படகில் 10 முதல் 15 வருடம் ஆன கம்பியை நான் நம்ப மாட்டேன். பழைய படகு வாங்கும்போது, விற்பவருக்கே கம்பியின் வயது தெரியாவிட்டால், படகின் வயதுதான் கம்பியின் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே ஸ்பிரெடர்களையும் பாருங்கள். அதன் அடிப் பிராக்கெட் அலுமினிய வார்ப்பாக இருந்தால் விரிசல் தேடுங்கள், சந்தேகம் வந்தால் ஸ்டீல் பிராக்கெட்டுக்கு மாறிவிடுங்கள். முனையில் பிளாஸ்டிக் மூடி போட்டு டேப் சுற்றியிருப்பார்கள், அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் கை வராது. பிரியுங்கள். டேப்புக்குள் ஈரம் நின்று அலுமினியம் வெள்ளை மாவாகக் கொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுக் கம்பி வாங்கும்போது

பழைய கேட்டலினாக்களில் 1/8 அங்குலக் கம்பி போட்டிருப்பார்கள், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர். பலர் அதை 5/32 அங்குலத்துக்கு மாற்றுகிறார்கள், நானும் மாற்றினேன். 304 தர ஸ்டீலில், 19 இழைக் கம்பி 1/8 அங்குலமாக இருந்தால் அறுபடு பலம் 2,100 பவுண்டு, 5/32 அங்குலமாக இருந்தால் 3,300 பவுண்டு. பலத்தைவிட எனக்குப் பிடித்தது வேறு: தடித்த கம்பி குறைவாக நீளும், திடீர் காற்றில் பாய்மரம் அந்தளவு ஆடாது. அதற்காக இன்னும் தடியாகப் போகாதீர்கள். பாய்மர உச்சியில் எடை ஏறினால் படகு கூடுதலாகச் சாயும், தவிர டெக்கில் இருக்கும் பிடிமானத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. கம்பி தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க, டெக் பிய்ந்து வந்தால் என்ன லாபம்?

அளவெடுப்பதில் நான் செய்த தப்பு இது. டர்ன்பக்கிளைக் (கம்பியின் கீழ்முனையில் அதை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள திருகு) கடைசிவரை முறுக்கி மூடிய நிலையில் வைத்து, மேல் பின்னிலிருந்து கீழ் பின்வரை அளந்து கடைக்கு அனுப்பினேன். கம்பி வந்தது, மாட்டினேன், மேற்கொண்டு முறுக்க இடமே இல்லை. புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் தளரும், அதை இழுத்துப் பிடிக்க வழியில்லாமல் எட்டுக் கம்பியில் நான்கை மறுபடி செய்யக் கொடுத்தேன். டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலையில் அளக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் இடமா வலமா, மேலா கீழா, முன்னா பின்னா என்று எழுதிய டேப்பை ஒட்டுங்கள். முடிந்தால் அளவை எழுதி அனுப்பாமல், பழைய கம்பியையே சுருட்டி அனுப்பிவிடுங்கள்.

முன்கம்பியின் கீழ்முனையில் டாகிள் என்கிற மூட்டு இருக்கிறதா பாருங்கள். ஜிப் பாய் அந்தக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும், மூட்டு இல்லையென்றால் டர்ன்பக்கிளின் மரை தினம் தினம் வளைந்து ஒருநாள் ஒடியும். அலுமினியத்தில் ஸ்டீல் திருகு போகும் எல்லா இடத்திலும் டெஃப்-ஜெல் மாதிரி ஒரு பசை தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்ற டிரில்தான்.

டெக்கில் தண்ணீர் இறங்கும் ஓட்டைகள்

கம்பி வெளியே இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை. கம்பியைப் பிடிக்கும் சாமான்களின் போல்ட் டெக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. ஃபைபர் இரண்டு அடுக்குக்கு நடுவில் மரம். நாற்பது வருடமாகத் தண்ணீர் இறங்கி அந்த மரம் ஊறியிருக்கும். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், டக் டக் என்றால் சரி, பொத் பொத் என்றால் உள்ளே பஞ்சு.

ஓட்டையைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய விட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் நிரப்புங்கள். அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளை போட்டால் போல்ட்டைச் சுற்றி எபாக்ஸி மட்டுமே இருக்கும், இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. சாமானுக்கு அடியில் பியூட்டில் டேப் வைத்து இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிலிக்கான் வேண்டாம், ஒருமுறை தடவினால் அந்த இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது. போல்ட்டின் உள்பக்கம் சின்ன வாஷர் மட்டும் இருந்தால் அதை அகலமான தகடாக மாற்றுங்கள்.

பாய்மரத்தை நிறுத்தி இழுவிசை வைப்பது

எந்தச் செலவும் இல்லாமல் படகின் குணத்தையே மாற்றுகிற வேலை இது. காற்றில்லாத காலை, துறையில் கட்டிய படகு, மெயின் பாயும் பூமும் (அந்தப் பாயின் கீழ்விளிம்பைப் பிடிக்கும் நீளக் கட்டை) கழற்றிய நிலை.

முதலில் முன் பின் சாய்வு. மெயின் ஏற்றுகயிற்றின் முனையில் ஒரு கனமான ஸ்பானரைக் கட்டித் தொங்கவிடுங்கள், தூக்குக்குண்டு மாதிரி. ஆடாமல் இருக்க ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கினால் நல்லது. பாய்மரம் பின்னால் சாய்ந்திருந்தால் அடியில் கயிறு பாய்மரத்தை விட்டு விலகி நிற்கும். அந்த இடைவெளிதான் சாய்வு. கேட்டலினாவின் பாய்மரம் ஏறத்தாழ 25 அடி, அதில் 1 பாகை சாய்வு என்பது கிட்டத்தட்ட 13 செ.மீ. நான் 10 செ.மீ.யில் ஆரம்பித்தேன். என் படகு வாங்கும்போது 30 செ.மீ. இருந்தது! பார்க்க ஸ்டைலாகத்தான் இருந்தது, சுக்கான் கனத்ததில் பாதி அதனால்தான். சுக்கான் கனத்தால் முன்கம்பியைக் குறுக்கிப் பாய்மரத்தை நிமிர்த்துங்கள். சுக்கானில் இழுப்பே இல்லாமல் செத்த மாதிரி இருந்தால் கொஞ்சம் பின்னால் சாயுங்கள்.

அடுத்து, நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது. அதே ஏற்றுகயிற்றை வலதுபக்கக் கம்பியின் அடிப் பிடிமானம்வரை இழுத்துப் பிடித்து ஒரு அடையாளம் வையுங்கள், இடதுபக்கம் கொண்டுபோய் அதே இடத்தில் தொட்டுப் பாருங்கள். ஒத்துப்போகும்வரை மேல்கம்பிகளை ஒரு பக்கம் தளர்த்தி ஒரு பக்கம் இறுக்குங்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில்தான் சுற்ற வேண்டும். சுற்றை வாய்விட்டு எண்ணுங்கள், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள்.

எவ்வளவு இறுக்குவது? இதற்கு லூஸ் கேஜ் என்று ஒரு கருவி விற்கிறார்கள். பேர்தான் லூஸ், செய்யச் சொல்வது டைட். நம் கம்பிக்கு அதில் மாடல் ஏ போதும். வாங்க மனசில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்தது. சரியாக 2 மீட்டர் நீளமுள்ள அலுமினியப் பட்டை ஒன்றை எடுத்து, கம்பி கையிறுக்கத்தில் இருக்கும்போது, பட்டையின் மேல்முனையை மட்டும் கம்பியோடு டேப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கீழ்முனை சும்மா ஒட்டி நிற்கட்டும், அது முடியும் இடத்தில் கம்பியில் பேனாவால் ஒரு கோடு. இனி டர்ன்பக்கிளை முறுக்க முறுக்கக் கம்பி நீளும், பட்டை நீளாது, கோடு பட்டையின் முனையை விட்டுக் கீழே நகரும். 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கம்பியின் அறுபடு பலத்தில் 5 சதவீத இழுவிசை ஏறிவிட்டது என்று அர்த்தம். 19 இழைக் கம்பி என்றால் எந்தத் தடிமனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

மேல்கம்பிகளுக்கு நான் வைப்பது 12 சதவீதம், அதாவது 2.4 மி.மீ. 5/32 அங்குலக் கம்பியில் அது சுமார் 400 பவுண்டு, கிட்டத்தட்ட 180 கிலோ. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பழைய படகுகள் இதில் பாதிகூட இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. கீழ்க்கம்பிகள் அதைவிடக் கொஞ்சம் தளர்வு. முன்பக்கக் கீழ்க்கம்பிகளைப் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் பாய்மரத்தின் நடுப்பகுதி லேசாக முன்னால் வரும், மெயின் பாயின் வயிறு தட்டையாகும். இறுக்கும்போது கேபினுக்குள்ளும் ஒரு கண் இருக்கட்டும். கூரை கீழே அமுங்கினால், உள்ளே கதவு ஏதாவது புதிதாக உரசினால், பாய்மரத்தின் கீழே தாங்கும் தூண் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு முறுக்கக் கூடாது.

பாய்மரத்தின் பின்பக்கப் பள்ளத்தில் கன்னத்தை ஒட்டி வைத்து அண்ணாந்து பாருங்கள். பக்கவாட்டில் நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். ஸ்பிரெடர் முனைகள் சற்று மேல்நோக்கி, கம்பி மேலும் கீழும் அதனுடன் சம கோணம் செய்யும்படி இருக்க வேண்டும். முனை கீழே தொங்கினால் ஒரு திடீர் காற்றில் அது வழுக்கி இறங்கும், பாய்மரமும் கூடவே போகும்.

இது பாதி வேலைதான். மீதி தண்ணீரில். 10, 12 நாட் காற்றில் 15 பாகை சாய்வில் ஓட்டும்போது மறைவுப் பக்க மேல்கம்பி இறுக்கம் போய் லேசாக ஆடத் தொடங்க வேண்டும், கொடிக்கயிறு மாதிரி தொங்கக் கூடாது. தொங்கினால் அந்தப் பக்கத்தில் அரைச் சுற்று முறுக்கி, படகைத் திருப்பி மற்றப் பக்கத்திலும் அதே அரைச் சுற்று. பாரம் ஏறிய பக்கத்தில் கை வைக்காதீர்கள், மரை கடித்துக்கொள்ளும். மறுபடி பள்ளத்தில் கண் வைத்துப் பாருங்கள்: உச்சி மறைவுப் பக்கம் சரிந்தால் மேல்கம்பி தளர்வு, நடுப்பகுதி பிதுங்கினால் கீழ்க்கம்பி தளர்வு. நான் முதல்முறை இதற்கு மூன்று மாலை எடுத்துக்கொண்டேன், இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது.

கடைசியாக டர்ன்பக்கிள்களுக்குக் காட்டர் பின் போட்டு, பாயைக் கிழிக்காதபடி மேலே டேப். இதை மறந்துவிட்டால் டர்ன்பக்கிள் தானாகவே சுற்றிக் கழன்றுகொள்ளும்.

சுக்கான்: எல்லோரும் விட்டுவிடும் இடம்

மடங்குகிற சுக்கான் பலகை இருந்தால் ஓடும்போது ஒருமுறை எட்டிப் பாருங்கள். பலகை நேராகச் செங்குத்தாக இறங்கியிருக்கிறதா, தண்ணீர் தள்ளிப் பின்னால் தூக்கிக்கொண்டிருக்கிறதா? பலகையின் பரப்பு அது சுழலும் அச்சை விட்டுப் பின்னால் போகப் போக அதைத் திருப்ப வேண்டிய பலம் கூடிக்கொண்டே போகும். கதவை ஓரத்தில் தள்ளினால் சுலபம் அல்லவா, இங்கே அந்தச் சுலபம் தண்ணீருக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். என் படகில் பூட்டும் போல்ட் தேய்ந்து பலகை ஒரு கையகலம் பின்னால் நின்றது. புது போல்ட் போட்ட அன்று, ஒற்றை விரலால் ஓட்டிக்கொண்டு ஒரு பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் சுக்கான் மாட்டியிருக்கும் கொண்டிகளில் ஆட்டம் இருந்தால் நைலான் வாஷரோ புஷ்ஷோ போடுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் சுக்கான் உம்ம் என்று ரீங்காரம் போட்டால் பலகையின் பின்விளிம்பு தடியாகவோ உருண்டையாகவோ இருக்கிறது என்று அர்த்தம். 2, 3 மில்லிமீட்டருக்கு மெலிதாக்கி ஓரத்தைச் சதுரமாக விட்டுத் தேய்த்தால் சத்தம் போய்விடும். முன்விளிம்பு மட்டும் முட்டையின் கூர்ப்பக்கம் மாதிரி வழவழவென்று இருக்கட்டும்.

கீலைக் கொஞ்சம் தூக்கினால் அது பின்னால் ஊசலாடும், தண்ணீருக்கடியில் இருக்கும் எதிர்ப்புப் புள்ளியும் பின்னால் போகும், சுக்கான் லேசாகும். இது உண்மைதான். ஆனால் பலத்த காற்றில் இந்த வித்தையைச் செய்யாதீர்கள். நிமிர்த்தும் எடை மேலே வந்துவிடும், கீலைப் பிடிக்கும் கேபிளும் அடி வாங்கும். ஓடும்போது கீழிருந்து டொங் டொங் என்று இடிக்கும் சத்தம் கேட்டால் கீலின் சுழலச்சு தேய்ந்திருக்கிறது, அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது முதல் வேலை அதுதான்.

எடையும் கவனிக்க வேண்டும். மோட்டார் பின்னால், பெட்ரோல் டேங்க் பின்னால், பேட்டரி பின்னால், நான்கு பேர் பின்னால், ஐஸ் பெட்டி பின்னால். படகு குந்தி உட்கார்ந்துகொண்டு ஓடாது. கனமானதையெல்லாம் கேபினுக்குள் நடுவில் தள்ளுங்கள், லேசான காற்றில் ஒருவரை முன்னால் உட்காரச் சொல்லுங்கள்.

பாய்

இவ்வளவுக்கும் பிறகு சுக்கான் கனத்தால் குற்றவாளி பெரும்பாலும் மெயின் பாய். பூமுக்கு அடியில் நடுவில் படுத்துக்கொண்டு மேல்நோக்கி ஒரு போட்டோ எடுங்கள். பாயின் ஆழமான இடம் முன்விளிம்பிலிருந்து 45 முதல் 50 சதவீதத்தில் இருக்க வேண்டும். டேக்ரான் துணி பழசானால் நீண்டு, காற்று கூடும்போது வயிறு பின்னால் ஓடிவிடும், பின்விளிம்பு கொக்கி மாதிரி வளையும். அங்கே வேலை செய்யும் விசை படகை முன்னால் கொண்டுபோகாது, பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும், அவ்வளவுதான்.

புதுப் பாய் செலவு படகு வாங்கிய விலையையே தாண்டலாம். அதற்கு முன் கன்னிங்காம் போட்டுப் பாருங்கள்: பாயின் முன்விளிம்பில் கீழே உள்ள கண்ணியைக் கீழ்நோக்கி இழுக்கும் ஒரு சின்னக் கயிறு, வயிற்றை முன்னால் கொண்டுவரும். அவுட்ஹாலை (பாயின் பின்மூலையைப் பூமின் முனைப்பக்கம் இழுக்கும் கயிறு) இரட்டிப்புக் கப்பியாக்கினால் காற்றில் பாயின் கீழ்ப்பகுதியைப் பலகையாக இழுத்துவிடலாம். பூமைக் கீழே பிடிக்கும் வேங் 4:1 ஆக இருக்கட்டும், அது இல்லாமல் பின்காற்றில் ஓடுவது தலைக்கு மேல் மரக்கட்டையைத் தொங்கவிட்டுத் தூங்குகிற மாதிரி. பின்கம்பியின் இரண்டு காலையும் சேர்த்துக் கீழே இழுக்கும் ஒரு கப்பி போட்டால் முன்கம்பி இறுகி ஜிப் தட்டையாகும். உச்சிவரை முன்கம்பி போகும் இந்த மாதிரிப் படகில் அதன் பெரிய பயன் அதுதான், பாய்மரம் பெரிதாக வளையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜிப் பாயின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று உயரத்தில் உல்லன் நூல் ஒட்டுங்கள், இரண்டு பக்கமும். காற்றுக்குள் மெதுவாகத் திருப்பும்போது மூன்றும் ஒன்றாகப் படபடக்க வேண்டும். மேல்நூல் முதலில் ஆடினால் தாமான் போகும் கப்பியை முன்னால் தள்ளுங்கள், கீழ்நூல் முதலில் ஆடினால் பின்னால். பத்துக் காசு நூல், ஆயிரம் டாலர் பாயைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

ஓடும் கயிறுகள்

ஏற்றுகயிறு பாதி ஸ்டீல் கம்பி, பாதி கயிறாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு 8 மில்லிமீட்டர் இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் போடுங்கள். நீளாத ரகமாகப் பாருங்கள். ஏற்றுகயிறு நீண்டால் ஒவ்வொரு காற்றடிக்கும் பாயின் வயிறு பின்னால் போகும். நைலான் நங்கூரத்துக்கு மட்டும். கம்பி ஓடிய உச்சிக் கப்பியின் பள்ளம் குறுகலாக, கூராக இருக்கும், புதுக் கயிற்றைக் கடித்துவிடும். அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கயிற்றின் முனையில் புதியதைத் தைத்து இழுத்தால் உள்ளே போய்விடும். முடிச்சு போட்டு டேப் சுற்றி இழுத்தால் பாதி வழியில் கழன்று, நீங்கள் பாய்மரத்தை மறுபடி இறக்குவீர்கள். எனக்குத் தெரியும்.

மெயின் தாமான் 10 மில்லிமீட்டர். பலம் அதற்கு வேண்டியதில்லை, கைக்கு வேண்டும், மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும்.

எல்லாக் கயிற்றையும் பின்னால் உட்காரும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கப்பி, ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் உராய்வு, கடைசியில் பாய் தன் எடையில் கீழே விழாமல் பாதியில் நின்று வேடிக்கை பார்க்கும். டெக்கில் இன்னும் பத்து ஓட்டை வேறு. ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால், ஜிப் இறக்குகயிற்றைச் செய்யுங்கள்: 5 மில்லிமீட்டர் கயிறு ஒன்றை ஜிப்பின் உச்சியில் கட்டி, முன்கம்பிக் கொக்கிகளுக்குள் விட்டுக் கீழே கொண்டுவந்து, அணியத்தில் ஒரு சின்னக் கப்பி வழியாகப் பின்னால் கொண்டுவருவது. ஏற்றுகயிற்றை விட்டு இதை இழுத்தால் ஜிப் சுருண்டு டெக்கில் விழுந்துவிடும், குதிக்கிற படகில் முன்னால் தவழ்ந்து போக வேண்டியதில்லை. செலவு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு.

காற்று ஏறும்போது

20 பாகைக்கு மேல் சாய்ந்தால் இந்தப் படகு வேகமாகப் போவதில்லை, போகிற மாதிரி சத்தம் போடுகிறது. நான் கடைப்பிடிக்கும் வரிசை: முதலில் பின்கம்பி, கன்னிங்காம், அவுட்ஹால் எல்லாம் இறுக்கிப் பாய்களைத் தட்டையாக்குவது. 12 நாட் நெருங்கும்போது பெரிய ஜெனோவாவை (பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வரும் பெரிய முன்பாய்) இறக்கிவிட்டு அதைவிடச் சின்ன 110 சதவீத ஜிப். 15 தாண்டினால் மெயினில் முதல் ரீஃப், அதாவது பாயின் அடிப்பகுதியைச் சுருக்கிக் கட்டிப் பரப்பைக் குறைப்பது. ரீஃப் கயிறுகளைத் துறையில் கட்டிக்கிடக்கும்போதே பத்து முறை போட்டு எடுத்துப் பழகுங்கள், நான் இரண்டு நிமிடத்துக்குள் போட முடிந்த பிறகுதான் மதியக் காற்றுக்குள் போனேன். திடீர்க் காற்று அடித்தால் சுக்கானோடு மல்லுக்கட்டாமல் மெயின் தாமானை ஒரு முழம் விடுங்கள், படகு நிமிரும், சுக்கான் லேசாகும், மறுபடி இழுத்துக்கொள்ளலாம்.

புதுக் கம்பி போட்டு நான்கைந்து ஓட்டம் ஆனதும் இழுவிசையை மறுபடி அளந்து, தளர்ந்ததை ஏற்றுங்கள். எண்ணெல்லாம் சரியாக வந்ததும் ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து, ஒரு வெள்ளை டேப்பில் எழுதி, கேபின் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் பாய்மரத்தை இறக்கி ஏற்றும்போது மறுபடி வாளியும் ஸ்பானரும் தேட வேண்டியிருக்காது. பென்சிலில் எழுதாதீர்கள், கேபின் ஈரத்தில் என்னுடைய முதல் வருடக் கணக்கு அப்படித்தான் அழிந்துபோனது.